குதிரையோடு குடிபோகும் முன்...

"தோட்டத்துக்கே போய் இருந்துக்கலாம். பிள்ளைகளுக்கு நல்ல காத்து, நல்ல பால். அப்புறம்... ரெண்டு குதிரை வாங்கலாம்னு இருக்கேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னார். கல்லில் இருந்த தோசை கருகும்வரை நான் அப்படியே நின்றுவிட்டேன். சேலம் டவுனில் குழாயைத் திறந்தால் தண்ணீர், தெருமுனையில் டாக்டர், கூப்பிட்ட குரலுக்கு அக்கம்பக்கம் என்று இருந்தவள் நான். ராசிபுரம் பக்கத்துத் தோட்டம் எனக்குப் பொங்கலுக்குப் போய்வருகிற இடம், அவ்வளவுதான். அங்கே குடியிருப்பதா? அதுவும் குதிரையோடா?

அவர் ஆசைக்குக் காரணம் இருந்தது. அவருடைய தாத்தா குதிரை வண்டி வைத்திருந்தவர். சந்தை, கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்த வண்டியில்தான் போவார்களாம். ஆடி மாதம் வந்தால் அந்தியூர் குருநாத சுவாமி கோயில் திருவிழாவுக்குப் பேரனையும் கூட்டிக்கொண்டு போவாராம். அங்கே கூடும் கால்நடைச் சந்தையில் மாடுகளுக்குச் சமமாகக் குதிரைகளுக்கும் பேர் உண்டு. காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள், மேளத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற நாட்டியக் குதிரைகள் எல்லாம் வரும். எட்டு வயதில் அதைப் பார்த்த பிள்ளை, நாற்பது வயதில் வாங்க ஆசைப்பட்டால் அதிசயமில்லை.

நாங்கள் தோட்டத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. இரண்டு குதிரைகளும் எங்கள் கட்டுத்தரையில்தான் நிற்கின்றன. இப்போது சில வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். "குதிரை வளக்கறீங்களாமே, நாங்களும் வரலாம்னு இருக்கோம், எப்படிங்க?" என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். ஆண்கள் குதிரையின் நிறத்தையும் சுழியையும் பற்றிக் கேட்பார்கள். பெண்கள் கேட்க வேண்டியது வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாடு மாதிரி இல்லை

"ஏம்மிணி, நாலு மாட்டைப் பாத்த வீட்டுக்கு ரெண்டு குதிரை என்ன பெருசு?" என்றார் என் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது, இது வேறு ஜாதிப் பிராணி என்று.

மாடு அவசரமாகத் தின்றுவிட்டு, பிறகு படுத்துக்கொண்டு அசை போடும். அதற்கு வயிற்றில் நாலு அறை. குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் உடம்புக்குச் சின்னது. அசை போடாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் நம்மைப்போல் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. அதனால் காலையில் ஒரு கூடை, மாலையில் ஒரு கூடை என்று கொட்டிவிட்டுப் போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளெல்லாம் புல் மென்றுகொண்டே இருக்க வேண்டும். தானியம் ஒரே வேளையில் அதிகமானாலோ, தீவனத்தைத் திடீரென்று மாற்றினாலோ, தண்ணீர் குறைந்தாலோ வயிற்றுவலி வந்துவிடும். முன்னங்காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது, இவை எல்லாம் அதன் அடையாளங்கள். பார்த்த உடனே தீவனத்தை நிறுத்திவிட்டு வைத்தியரைக் கூப்பிட வேண்டும். 'விடியட்டும் பார்க்கலாம்' என்று விட்டால் சில சமயம் விடியும்போது குதிரை இருக்காது.

பழைய சரித்திரமே இதற்குச் சாட்சி. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைத் திருப்பெருந்துறையில் சிவன் பணிக்குச் செலவழித்ததும், நரிகள் பரிகளாகி வந்ததும், ராத்திரியில் திரும்பவும் நரியாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துப் போட்டதும் நாம் கேட்டு வளர்ந்த கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் பாண்டிய நாட்டுக் குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கடல் கடந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல், சோறும் மாமிசமும் சமைத்துப் போட்டதில் பெரும்பாலானவை வருஷத்துக்குள் செத்துப்போயின என்கிறார். ராஜாவின் லாயத்திலேயே அந்தக் கதி! வாங்கப் பணம் இருந்தது, வளர்க்கும் கை இல்லை. நம் வீட்டில் அந்தக் கை யாருடையது என்பதுதான் முதல் கேள்வி.

தண்ணீரை எண்ணிப் பாருங்கள்

ஒரு குதிரை சாதாரண நாளில் ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில், வேலையும் வாங்கினால், 50 லிட்டரும் போதாது. இரண்டு குதிரைக்கு 100 லிட்டர் என்றால் ஏழு குடம். அதுவும் குடிக்க மட்டும். கழுவ வேறு வேண்டும். மோட்டார் ஓடினால் கவலையில்லை. கரண்ட் இல்லாத அன்று அந்த ஏழு குடத்தை யார் சேந்தி இறைப்பது? எங்கள் வீட்டில் நான்தான் இறைத்தேன்.

காவிரிக் கரையில் மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் தோட்டம் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆற்றை விட்டுத் தள்ளி இருக்கிற மேட்டாங்காடுகளில் எல்லாம் கிணறும் போரும்தான். நிலம் பார்க்கப் போகிறவர்கள் ஐப்பசியில் போகாதீர்கள். அப்போது எல்லாக் கிணறும் நிறைந்துதான் தெரியும். பங்குனி கடைசியில் ஒருமுறை போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். அப்போது இருக்கிற தண்ணீர்தான் உங்கள் தண்ணீர்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

கணக்கு ரொம்பச் சுலபம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீவனம். 350 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழு கிலோ. இரண்டுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஐந்து டன். இவ்வளவையும் வாங்கிப் போட்டால் கையைக் கடிக்கும். பாதியாவது சொந்தக் காட்டில் விளைய வேண்டும்.

நம் சீமையில் அதற்குப் பஞ்சமில்லை. கொழுக்கட்டைப் புல் நம் மானாவாரி மண்ணுக்கென்றே பிறந்தது. கொஞ்சம் தண்ணீர் உள்ள இடத்தில் குதிரைமசால் போடலாம். பெயரிலேயே குதிரை இருக்கிறது பாருங்கள்! ஒருமுறை விதைத்தால் இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அறுக்கலாம். மூன்று நாலு வருஷத்துக்கு வரும். சத்து மிகுந்தது, அதனால் காய்ந்த புல்லோடு கலந்து அளவாகத்தான் போட வேண்டும். கடலைக்கொடியும் நல்லது, பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால். கொள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊறவைத்தோ வேகவைத்தோ, கொஞ்சமாக வையுங்கள். நமக்கு ரசம் வைக்கத் தண்ணீரை வடித்துக்கொண்டு கொள்ளை அதற்குக் கொடுத்தால் வீட்டுக்கும் லாபம், லாயத்துக்கும் லாபம்.

இனி, கூடாதவை. இவற்றைத் தாளில் எழுதிக் கட்டுத்தரையில் ஒட்டி வையுங்கள்.

கோழித் தீவனம். நாமக்கல் என்றாலே முட்டை. எந்தத் தோட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு கோழிப் பண்ணை இருக்கும். நாங்கள் வந்த புதிதில், பக்கத்துத் தோட்டத்து அக்கா பாசத்தோடு அரை மூட்டைத் தீவனம் கொண்டுவந்து வைத்தார். "சும்மா கெடக்குது கண்ணு, குதிரைக்குப் போடு" என்றார். போடலாம் என்று வாளியையும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு லாடம் அடிக்க வந்திருந்த பெரியவர்தான், "போட்றாதீங்க தாயி!" என்று கத்தினார். பிறகு கால்நடை டாக்டர் விளக்கினார்: கோழிக்கு வரும் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சில கோழித் தீவனங்களில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலக்கிறார்கள். கோழிக்கு அது காவல். குதிரைக்கோ, சிறு அளவே இருதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். வாளிகூடத் தனியாக இருக்க வேண்டும்.

மரவள்ளி இலையும் தோலும். சேலம், நாமக்கல்லில் சேகோவுக்காக மரவள்ளி எங்கும் விளைகிறது. அதன் பச்சை இலையிலும் தோலிலும் விஷம் உண்டு. இளஞ்சோளப் பயிரிலும், வாடிய சோளத்தின் புதுத் துளிரிலும் அதே விஷம். சோளத்தட்டு என்றால் நன்றாக முற்றிக் காய்ந்ததாக இருக்கட்டும்.

தவிடு. மாட்டுக்குப் போடுகிற மாதிரி தினமும் நிறையப் போட்டால் குதிரையின் எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குறையும். நாளடைவில் முகத்து எலும்பே வீங்கிவிடும்.

என் பிள்ளையின் கால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சிறுபிள்ளை வைத்திருப்பவர்கள் படிப்பதால் எழுதுகிறேன்.

குடிவந்தபோது என் மகனுக்கு ஒன்றரை வயது. சாமான் கட்டுவது, அவிழ்ப்பது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது என்று ஆறேழு மாதம் ஓடிவிட்டது. அவனுடைய தடுப்பூசி அட்டை எந்தப் பெட்டிக்குள் போனது என்றே தெரியவில்லை. ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசி நினைவுக்கே வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கட்டுத்தரையில் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், பழைய லாட ஆணி ஒன்று அவன் உள்ளங்காலில் ஏறியிருந்தது. சுற்றிலும் லத்தி. ரத்தம் அதிகம் இல்லை. "ஒண்ணுமில்ல சாமி, அழுகாத" என்று அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு, "அடுப்புச் சாம்பல அப்பி மஞ்சப்பொடி வெச்சுக் கட்டும்மிணி, காலையில சரியாப் போகும்" என்றார். அவர் காலத்தில் அதுதான் வைத்தியம்.

எனக்கு எப்படியோ பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. டெட்டனஸ் என்கிற ரண ஜன்னிக் கிருமி மண்ணில் இருக்கிறது. கால்நடைகளின் குடலிலும், முக்கியமாகக் குதிரை லத்தியிலும் இருக்கிறது. காற்றுப் படாத ஆழமான சிறு காயம்தான் அதற்குப் பிடித்த இடம். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் வெகுநேரம் கழுவினேன். சாம்பலும் வைக்கவில்லை, மஞ்சளும் வைக்கவில்லை. அன்று ராத்திரியே மோட்டார் சைக்கிளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

"குழந்தைல போட்ட மூணு ஊசியும் போட்டிருக்கீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். போட்டிருந்தோம். "அடுத்தது?" என்றபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து, விட்டுப்போன ஊசியைப் போட்டு, "முதல் மூணும் போட்டது நல்லதாப் போச்சு. இருந்தாலும் மூணு வாரம் கவனமாப் பாருங்க. வாயைத் திறக்கக் கஷ்டப்பட்டா, கழுத்து விறைச்சா உடனே ஓடி வாங்க" என்றார்.

அந்த மூன்று வாரமும் நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் கொட்டாவி விடுகிறானா, இட்லியை நன்றாகக் கடிக்கிறானா என்று பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவனுக்குப் பள்ளிக்கூட வயது. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் இன்னும் என் கை குளிர்ந்துவிடுகிறது.

ஆகையால், சாமான் கட்டும்போது முதலில் கைப்பையில் எடுத்து வைக்க வேண்டியது தடுப்பூசி அட்டை. பிறந்த 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஐந்தாறு வயதில் ஒன்று. பிறகு 10, 16 வயதுகளில். அரசு சுகாதார நிலையங்களில் பணம் கிடையாது. கர்ப்பம் என்று தெரிந்ததும் தாய்க்கு ஒரு ஊசி, நாலு வாரம் கழித்து இன்னொன்று. குதிரையோடு பழகும் பெரியவர்கள் கடைசியாக எப்போது ஊசி போட்டோம் என்பதைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடியில் சாம்பல், சாணி எதையும் வைக்கவே கூடாது. பச்சிளங் குழந்தைகளை வாரிக்கொண்டு போன இந்த நோய் இந்தியாவில் கட்டுக்குள் வந்துவிட்டது என்று 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அது ஊசியால் வந்த பலன். கிருமி மண்ணிலேயேதான் இருக்கிறது.

குதிரைக்கும் இதே ஊசி அவசியம். மற்றப் பிராணிகளைவிட அதற்கு இந்த நோய் சீக்கிரம் வரும். இன்னொரு பக்கம் பார்த்தால், 1890இல் டெட்டனஸுக்கு மாற்று மருந்து கண்டுபிடித்த பிறகு வெகுகாலம் அந்த மருந்தைக் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் எடுத்தார்கள். காட்டில் பாம்பு கடித்தால் இன்றும் ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற மருந்து குதிரை ரத்தத்திலிருந்து வருவதுதான். அது நமக்குச் செய்தது கொஞ்சமில்லை.

லத்திக் குழியும் பிள்ளைகளும்

ஒரு குதிரை நாளைக்கு 15 முதல் 20 கிலோ லத்தி போடும். தினமும் அள்ளி, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தூரமாக உள்ள குழியில் போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் ஈ மொய்க்கும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். மக்கினால் அருமையான எரு. என் கத்தரிச் செடிகளைப் பார்த்துவிட்டு ஊரே கேட்கிறது.

பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் சட்டங்கள் இவை. செருப்பு இல்லாமல் கட்டுத்தரைக்குள் போகக் கூடாது. குதிரையின் பின்பக்கமாகப் போகக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, அதன் கண்ணில் படும்படி தோள் பக்கமாகப் போக வேண்டும். வயிற்றுக்கு அடியில் நுழையக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மிரண்டு ஓடினால் கையோடு இழுத்துக்கொண்டு போகும். தின்னக் கொடுக்கும்போது உள்ளங்கையை விரித்து நீட்ட வேண்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெரியவர் துணையில்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், குடிபோகும் முன்பே குதிரை உள்ள இடத்தில் ஒரு நாள் இருந்து பாருங்கள். குதிரை ரோமம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

வைத்தியர் எவ்வளவு தூரம்?

ஓசூர் அருகே மத்திகிரியில் 1824இல் படைக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை போட்டார்கள். ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. மேட்டு நிலம், குளிர்ச்சி, புல் எல்லாம் பார்த்துத்தான் அந்த இடம். நம் வெக்கைச் சமவெளியில் நிழலும் காற்றும் நாம்தான் ஏற்படுத்த வேண்டும். தகரக் கொட்டகை வேண்டாம். தென்னங்கீற்றோ ஓடோ போட்டு, உயரமாகக் கட்டுங்கள்.

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கும். குதிரையைப் பார்த்துப் பழக்கப்பட்டவரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பக்கத்துக்குப் பெரிய பாக்கியம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். வாங்குவதற்கு முன் குதிரைக்கு ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். கிளாண்டர்ஸ் என்றொரு நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் வரும். வந்த குதிரையைக் காப்பாற்ற வழியில்லை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இதற்குச் சோதனை உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். லாடக்காரர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஒருவரைக் கண்டுபிடித்த பிறகே குதிரையைக் கண்டுபிடியுங்கள்.

துணை

முதலில் ஒரு குதிரைதான் வந்தது. அது தின்னாமல், வாசலைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே நின்றது. குதிரை கூட்டமாக வாழும் ஜீவன், தனியாக விட்டால் ஏங்கிப்போகும் என்றார் டாக்டர். இரண்டாவது வந்த பிறகுதான் அது சரியாயிற்று. அன்றைக்கு நான் என் வீட்டுக்காரரிடம், "அதுக்குத் துணை வேணும்னு புரிஞ்சுதில்லீங்க? எனக்கு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காலைத் தண்ணீரும் லத்தியும் அவர் வேலையாயிற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் என்னை ராசிபுரத்துக்குக் கூட்டிப்போனார். குதிரை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் என்னையும் பார்க்க வர ஆரம்பித்தார்கள். இப்போது சாயங்காலம் திண்ணையில் இடம் போதவில்லை.

எனவே சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால் முதல் வார்த்தையிலேயே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். காலையில் பனி விலகும் நேரம், மகள் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, வந்தது நல்லதுதான் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் 'சரி' என்று சொல்லும் முன் ஒரு தாளை எடுத்து, தண்ணீர், தீவனம், லத்தி, வைத்தியர், ஊசி, துணை என்று ஆறு வரி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பொறுப்பு என்று அவரையே பெயர் எழுதச் சொல்லுங்கள். ஆறிலும் உங்கள் பெயரே இருந்தால், அந்தக் குதிரை இன்னும் கொஞ்ச நாள் அந்தியூரிலேயே இருக்கட்டும்.